மூணு கிண்ணம் ஒரு கிண்ணமாகிற வரைக்கும்

கொதிக்கட்டும். மூணு கிண்ணம் தண்ணி ஊத்தி ஒரு கிண்ணமா வத்த விடணும்னு கிம் லான் சொன்னா. வத்தட்டும், இந்த ஞாயித்துக்கிழமை மத்தியானத்துல எனக்கு என்ன வெட்டி முறிக்கிற வேலை கிடக்கு. அலுமினியத்துல வைக்காதே, இரும்புல வைக்காதே, மண்ணுல வைன்னும் சொன்னா. மண்ணுன்னா என் வீட்டுல மீன் குழம்புச் சட்டி ஒண்ணுதான். புளி போட்டுத் தேச்சு, எலுமிச்சந்தோல் போட்டுத் தேச்சு, வராந்தா வெயில்ல காயவச்சு எடுத்தேன், இன்னமும் மோந்து பாத்தா அடியில சாளை மீன் வாசம் லேசா இருக்கத்தான் செய்யுது. இருந்துட்டுப் போவுது. நாளைக்குக் காலையில பாலத்தத் தாண்டித் தீவு ஆஸ்பத்திரிக்குப் போயி சோதனைக்கு ரத்தம் குடுக்கணும். வெள்ளை அணு ஏறியிருந்தாத்தான் மறுபடி கரண்டு, அந்தக் கதிர் வைத்தியம், வைப்பாங்க. ஏறலைன்னா வீட்டுல போயி உக்காருன்னு அனுப்பிடுவாங்க, போன வெள்ளிக்கிழமை அனுப்பின மாதிரி. நான் உக்காந்திருப்பேன், இடது நெஞ்சுல கட்டிய அறுத்து எடுத்த இடத்துல மிச்சம் மீதி ஏதாவது இருந்தா அது உக்காந்திருக்குமா, அது என்ன என்னைய மாதிரியா. இந்தச் சட்டியில கிடக்கற வேரும் பழமும் கரண்டு சுட்டதெல்லாம் ஆத்தி அணுவ ஏத்தும்னு கிம் லான் சொல்றா. எங்களைக் கேக்காம எதையும் குடிக்காதீங்கன்னு ஆஸ்பத்திரிச் சுவத்துல நாலு பாஷையில எழுதி ஒட்டியிருக்கு. ரெண்டுல ஒண்ணு. இது வத்தறதுக்குள்ள நான் முடிவு பண்ணியாகணும், குடிக்கிறதா, சிங்குல ஊத்தறதா.

கிம் லான் யாருன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல. சொந்தமும் இல்ல, அக்கம்பக்கமும் இல்ல. கரண்டு வைக்கிற அறைக்கு வெளிய, முதுகுல நாடா கட்டின நீலக் கவுன மாட்டிக்கிட்டு வரிசையா உக்காந்திருப்போம், அங்க எனக்குப் பக்கத்து நாக்காலி, அவ்வளவுதான். மொத நாளு வந்து உக்காந்ததும் என் தொடையத் தட்டி ஹொக்கியன் சீனத்துல ஆரம்பிச்சா, மூச்சே விடல. எனக்கு விலை பேசற அளவுக்கு ஹொக்கியன் தெரியும். என்ன விலை, ரொம்ப அதிகம், இன்னும் ரெண்டு போடுங்கற வரைக்கும் வரும், அதுக்கு மேல ஓடாது. அவ ஒரு இடத்துல நிறுத்தினப்ப நான் மலாய்ல, எனக்கு உங்க பாஷை அவ்வளவா வராதுன்னு சொன்னேன். என் முகத்தப் பாக்கறா, சின்னக் கண்ணப் பாக்கறா, மூக்கப் பாக்கறா. அந்த நேரம் பாத்து உள்ளேருந்து, வெள்ளையம்மா சின்னக்கருப்பன், வெள்ளையம்மா சின்னக்கருப்பன்னு கூப்பிட்டாங்க. வரிசையில இருந்த ஒரே ஒரு சேலை கட்டின அம்மாவ எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க, அந்த அம்மா நான் இல்லைன்னு தலைய ஆட்டுறாங்க, நான் எந்திரிச்சுப் போறேன். கிம் லான் வாயத் தொறந்தவ மூடல. திரும்பி வந்தப்ப அவ இடத்துலயே இருந்தா. நீ யாரு, சீனத்தி இல்லையான்னா. முகம் மட்டும்தான்னு சொன்னேன். சிரிச்சா, அப்பறம் சிரிக்கல, என் கையப் புடிச்சுக்கிட்டா. அவ கூட அவ மக வருவா, வங்கியில ஏதோ பெரிய வேலையாம், பிளாஸ்க்குல இந்தக் கருப்புத் தண்ணியக் கொண்டுவந்து மூடியில ஊத்திக் குடுப்பா. கிம் லான் மூஞ்சியச் சுளிச்சு அந்தப் பக்கம் திரும்பிக்குவா. மக விட மாட்டா, எல்லார் முன்னாலயும் அவ பாஷையில வறுத்தெடுப்பா, கிம் லான் முணுமுணுத்துக்கிட்டே குடிச்சு முடிப்பா. எனக்கு வயித்தெரிச்சல். இதுல மறைக்க என்ன இருக்கு, பச்சையாச் சொன்னா வயித்தெரிச்சல். அவ ரத்தம் ஒரு தடவ கூட இறங்கல. என்னுது இறங்கிக்கிட்டே வந்துது. மருந்தாலயா, மகளாலயான்னு எனக்கு எப்படித் தெரியும்.

தீயக் கொஞ்சம் குறைக்கிறேன். பொங்கி வருது. மேல கெட்டியா ஒரு நுரை, கருப்பட்டிப் பாகு மாதிரி, ஆனா வாசம் அப்படி இல்ல. வேர் வாசம், மழை விட்டதும் மண்ணுக்குள்ளேருந்து வர்ற மாதிரி ஒண்ணு, அதோட கொஞ்சம் கசப்பு, கொஞ்சம் ஓமம் மாதிரி ஒண்ணு. பக்கத்து வீட்டுப் பார்வதி ஜன்னல் வழியா மோந்துட்டு, வெள்ளம்மாக்கா வீட்டுல சீனச் சாமான் வேகுதுன்னு நாளைக்கு அடுக்குமாடி பூரா சொல்லிடுவா. கடைசியில சீன ரத்தம் இழுத்துருச்சு பாத்தியான்னு சொல்வா. ரத்தம் இழுக்குதாம். இழுக்கறதா இருந்தா இத்தனை வருசம் எங்க போயிருந்துச்சு அது. நான் பொறந்தது சீனக் கணக்குல புலி வருசம். புலி வருசத்துப் பொட்டப் புள்ள அப்பனுக்கு ஆகாதுன்னு அந்தக் காலத்துல சில சீனங்களுக்கு ஒரு பயம். சுங்கைப் பட்டாணிக்குப் பக்கத்துல எங்க ரப்பர் தோட்டம், தோட்டத்து ஓரத்துல என்னையப் பெத்த சீனங்களோட காய்கறிக் கொல்லை. பாலு வெட்டப் போன எங்க அம்மாவுக்குப் புள்ள இல்லாத ஏக்கம். வேலிக்கு இந்தப் பக்கம் நின்ன அம்மா கையில, அந்தப் பக்கத்துலேருந்து என்னையத் துண்டுல சுத்திக் குடுத்துட்டாங்க. அப்பறம் அவங்க கொல்லைய வித்துட்டு எங்கயோ போயிட்டாங்க, நல்லதாப் போச்சு. அப்பா பாத்துட்டு வெள்ளையா இருக்கேன்னு வெள்ளையம்மான்னு பேரு வச்சாரு, அவரு ஒரு ரசனைக்காரரு. தமிழ்ப் பள்ளிக்கூடத்துல சீனத்தி சீனத்தின்னு கூப்பிட்ட பொண்ணோட கையக் கடிச்சு வச்சேன். அம்மா வந்து வாத்தியார் முன்னாலயே என் முதுகுல ஒண்ணு போட்டாங்க, ஆனா கடிபட்டவ அம்மாகிட்ட, எம் பொண்ண இனிமே அப்படிக் கூப்பிட்டா நானே வந்து கடிப்பேன்னாங்க. எம் பொண்ணுன்னுதான் சொன்னாங்க. அந்த அம்மாவுக்கு என்னைய மடியில வச்சுக் கொஞ்சத் தெரியாது. வெயில்ல நிக்காதே, அந்த ஆத்துல கால வைக்காதே, வெறும் வயித்துல பலாப்பழம் திங்காதேடி மூதேவி, நாளெல்லாம் இதேதான். காய்ச்சல்னு படுத்தா பக்கத்துல உக்காந்து விடிய விடிய ஏசிக்கிட்டே நெத்தியில துணிய மாத்துவாங்க. நான் தூங்கறவரைக்கும் ஏச்சு நிக்காது. எனக்கு அதக் கேட்டாத்தான் தூக்கம் வரும். இப்ப இந்த வீட்டுல கடியாரம் மட்டும்தான் சத்தம் போடுது.

ரெண்டு கிண்ணத்துக்கு வந்திருக்குமா. கரண்டிய விட்டுப் பாத்தா சட்டியில பாதிக்குக் கீழ இருக்கு. நேத்து அந்தச் சீன மருந்துக் கடைக்குப் போகாமலே இருந்திருக்கலாம். மார்க்கெட்டுப் பாசாருக்குப் பின்னால, சுவர் பூரா சின்னச் சின்ன டிராயர், ஒவ்வொண்ணுக்கும் பித்தளைக் கைப்பிடி. கிம் லான் டிஷ்யூத் தாள்ல சீனத்துல எழுதிக் குடுத்தத நீட்டினேன். கடைக்காரத் தவுக்கே வயசானவரு, வெள்ளைப் பனியன், படிச்சுட்டு என்னைய நிமிந்து பாத்து ஒரு கேள்வி கேட்டாரு. ஹொக்கியன்ல. மலாய்ல பதில் சொல்லியிருக்கலாம், வாய் வந்துச்சு. ஆனா முன்ன ஒரு தடவ இதே ஊர்ல ஒரு துணிக் கடைக்காரி, முகம் எங்களுது, நாக்கு மட்டும் எங்க போச்சுன்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரிச் சொன்னது ஞாபகம் வந்துருச்சு. ஊசி போட்டு முடி கொட்டின இந்தத் தலையோட, இந்த உடம்போட அத இன்னொரு தடவ கேக்க எனக்குத் தெம்பில்ல. தலைய ஆட்டினேன். இன்னொண்ணு கேட்டாரு, அதுக்கும் ஆட்டினேன். மூணாவது ஒண்ணு, கொஞ்சம் யோசிச்சுக் கேட்டாரு, கையால வயித்தத் தொட்டோ நெஞ்சத் தொட்டோ ஏதோ காட்டினாரு, அதுக்கும் ஆமா ஆமான்னு கோயில் மாடு மாதிரி ஆட்டினேன். உடனே எந்திரிச்சுப் போயி ஏணி வச்சு மேல ரெண்டு டிராயரத் தொறந்து, தாளப் பாக்காமலே ஏதோ ஒண்ண அள்ளிக் குச்சித் தராசுல நிறுத்துப் போட்டாரு. அது என்ன. அவரு என்ன கேட்டாரு. வேற மருந்து எதுவும் சாப்பிடலையேன்னு கேட்டிருந்தா? ஊசி போட்டு முடிச்சுட்டியான்னு கேட்டிருந்தா? புருஷனுக்கான்னு கூடக் கேட்டிருக்கலாம், ரெங்கசாமி செத்து எத்தனை வருசமாச்சு. நான் ஆட்டின ஆட்டுக்கு அவருக்கு என் உடம்பப் பத்தி எல்லாம் தெரிஞ்ச மாதிரி. பூராத்தையும் தாள்ல கொட்டி, மேல குட்டியா இன்னொரு ரோஸ் தாள் பொட்டலம் வச்சு, அத விரலால ரெண்டு தட்டுத் தட்டிச் சிரிச்சு என்னமோ சொன்னாரு. அதுக்கும் சிரிச்சேன். வெளிய வந்ததும், அவங்கள்ல ஒருத்தியா நெனச்சுட்டாரேன்னு கொஞ்சம் சந்தோசமாக்கூட இருந்துச்சு. வெக்கங்கெட்ட சந்தோசம், ஆனா இருந்துச்சு.

பஸ்சுல வந்தப்ப அந்தச் சந்தோசமும் போச்சு. பின்னால ரெண்டு தமிழ்ப் பொண்ணுங்க, இந்தச் சீனக் கெழவி தலையப் பாரேன், கோழி பிச்சுப் போட்ட மாதிரின்னு ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி சிரிச்சா. இறங்கறப்ப நின்னு, உங்க ரெண்டு பேரு தலையும் நல்லா இருக்கணும்மான்னு சொல்லிட்டு இறங்கினேன். அதுங்க மூஞ்சியப் பாத்திருக்கணும். அப்ப நல்லாத்தான் இருந்துச்சு, வீட்டு மாடி ஏறறப்ப நல்லா இல்ல. யாருகிட்ட போயி இதச் சொல்லிச் சிரிக்கிறது. ரெங்கசாமி இருந்தா, லாரி ஓட்டின மனுசன், தொடையத் தட்டிச் சிரிப்பாரு. மொட்டையடிச்சாலும் என் வெள்ளச்சி வெள்ளச்சிதான்னு சொல்லியிருப்பாரு. சொல்லியிருப்பாரான்னு தெரியல, சொல்லியிருப்பாருன்னு நானே வச்சுக்கிறேன், யாரு வந்து இல்லைங்கப் போறா. கரண்டு வைக்கிற அறையிலயும் இப்படித்தான் எதையாவது நானே சொல்லிக்கிட்டுப் படுத்திருப்பேன். மல்லாக்கப் படுக்கவச்சு, கைய மேல தூக்கி, நெஞ்சுல பேனாக் கோடு போட்டு, அசையாதீங்க அம்மான்னு அன்பாத்தான் சொல்றாங்க அந்தப் புள்ளைங்க. சொல்லிட்டு எல்லாரும் ஓடிப்போறாங்க. கதவு ஒரு சாண் கனம், அது தானா மூடிக்குது. உனக்கு நல்லதுன்னு சொல்லிட்டு, அந்த நல்லது நடக்கறப்ப பக்கத்துல ஒருத்தரும் நிக்க முடியாதுன்னா அது என்ன நல்லதுன்னு எனக்குப் புரியல. வலிக்காது. அதுதான் இன்னும் பயமா இருக்கு. வலிச்சா எங்க போவுது, எங்க நிக்குதுன்னு தெரியும். ஒண்ணுமே தெரியாம உள்ள ஒண்ணு சுட்டுக்கிட்டு இருக்கு, கெட்டத மட்டும் சுடுதா, என்னையும் சேத்துச் சுடுதா. தோல் கருத்துப் போச்சு, அக்குளுக்குக் கீழ தீஞ்ச சப்பாத்தி மாதிரி. உள்ளயும் அப்படித்தான இருக்கும்.

இதோ, போன் அடிக்குது. எம் மகன் தயாளன். ஞாயித்துக்கிழமை இந்நேரத்துக்குக் கடல் தாண்டி பெர்த்துலேருந்து கூப்பிடுவான், நல்ல புள்ள, ஒரு வாரம் விடமாட்டான். அம்மா சாப்பிட்டிங்களா. சாப்பிட்டேன்டா. என்ன சாப்பிட்டிங்க. ரசம். பின்னால தண்ணி சத்தம், மருமக பாத்திரம் கழுவுறா போல, பேரன் இங்கிலீஷ்ல எதுக்கோ அழுவுறான். சொல்லிட்டேன். டேய், ஒரு சீன மருந்து காய்ச்சிக்கிட்டு இருக்கேன், கரண்டு வச்ச உடம்புக்கு நல்லதாம், ரத்தம் ஊறுமாம், என்னென்ன கிடக்குன்னு எனக்கே தெரியாது, கடைக்காரன் கேட்டதெல்லாம் புரியாமத் தலைய ஆட்டிட்டு வாங்கிட்டு வந்தேன். சொல்லிட்டுக் காத்துக்கிட்டு இருக்கேன். கத்தப் போறான்னு நெனச்சேன். உங்களுக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு, கொட்டுங்க அதைன்னு குதிப்பான்னு நெனச்சேன். ஏதோ தட்டிப் பாக்கறான். அம்மா, நெட்டுல பாக்கறேன், சிலரு நல்லதுங்கறாங்க, சிலரு கவனமா இருக்கணுங்கறாங்க. டாக்டர்கிட்ட கேட்டுக்குங்க. உங்க மனசுக்கு ஒத்துப்போனா குடிங்கம்மா, உங்க விருப்பம். உங்க விருப்பம்னான். அவன நான் அப்படியா வளத்தேன். கடல்ல இறங்காதே, அந்தப் பயலோட சேராதே, மழையில சைக்கிள் எடுக்காதேன்னு வேணாம் வேணாம்னே சொல்லி வளத்தேன், அதுக்காகத்தான் போல அவன் யாருக்கும் வேணாம்னு சொல்றதில்ல. சரிடான்னேன். உடம்பப் பாத்துக்குங்கம்மான்னான். சரிடா. வச்சுட்டான். மரியாதையாத்தான் பேசினான், ஒரு குத்தம் சொல்ல முடியாது. டாக்டரம்மாவும் அப்படித்தான், நல்ல மலாய்க்காரப் புள்ள, தலையில முக்காடு, கம்ப்யூட்டரப் பாத்துக்கிட்டே, வெளி மருந்து எதுவும் எங்களுக்குத் தெரியாம வேணாம்ன்னு சொல்லுச்சு. எனக்கு முன்னால போனவருக்கும் அதையே சொல்லுச்சு, எனக்குப் பின்னால போனவருக்கும் சொல்லியிருக்கும். அது எல்லாருக்கும் சொன்னது. வெள்ளையம்மா, நீ குடிக்காதேன்னு எனக்குன்னு ஒருத்தரும் சொல்லல.

போன் பேசினதுல அந்த ரோஸ் பொட்டலத்த மறந்தே போயிட்டேன். பிரிச்சா உலந்த திராட்சை, ஒரு கை. அட, இதுவும் உண்டா. முன்னாலயே போட்டிருந்தா வெந்து கூழாப் போயிருக்கும், திராட்சைய எப்பவும் கடைசியிலதான் போடணும், பாயசத்துல ஊறின கை எனக்கு, யாரும் சொல்லித்தர வேணாம். கொட்டி ஒரு கிண்டு கிண்டினேன். ஒவ்வொண்ணா உப்பிக்கிட்டு மேல வருது. ஒரு இனிப்பு வாசம், அந்த வேரோட கசப்புக்கு நடுவுல, ஒட்டவே இல்ல, கருவாட்டுக் குழம்புல சக்கரை போட்ட மாதிரி. மருந்துல எதுக்கு இனிப்புன்னு நெனச்சுக்கிட்டே கிண்டறேன். கை நின்னு போச்சு. கிம் லான் மூடியில ஊத்தினதக் குடிச்சு முடிச்சுக் கண்ண இறுக்கி மூடிக்கிட்டு வாயத் தொறப்பா. மக கைப்பையில கைய விட்டு எதையோ எடுத்து அந்த வாயில போடுவா. கிம் லான் அத மென்னுக்கிட்டே இருக்கறப்ப முகம் கொஞ்சம் கொஞ்சமாச் சரியாகும். நான் பாத்திருக்கேன், தினமும் பாத்திருக்கேன், என்னமோ மாத்திரைன்னு நெனச்சேன். திராட்சை. கசப்புக் குடிச்சதுக்கு அப்பறம் வாய்க்குக் குடுக்கறது. மருந்துல போடறது இல்ல. அந்தத் தவுக்கே பொட்டலத்தத் தட்டிச் சிரிச்சுச் சொன்னது அதுதான், குடிச்சதும் இத வாயில போட்டுக்கன்னு சொல்லியிருக்காரு மனுசன். சீனப் புள்ளைங்க ஒவ்வொண்ணுக்கும் தெரிஞ்சிருக்கும். குழந்தையில ஒரு அம்மா மூக்கப் புடிச்சு ஊத்திவிட்டு, அழுவாதே அழுவாதேன்னு ஒண்ண எடுத்து வாயில போட்டிருப்பா. எனக்கு அந்த அம்மா இல்ல. இருந்த அம்மா கசாயத்த ஊத்திவிட்டுட்டு, துப்பினா தோல உரிச்சிடுவேன்னு பக்கத்துலயே உக்காந்திருப்பாங்க, அதுவும் போச்சு. இந்த முகத்த வச்சுக்கிட்டு இத்தனை வருசம் இருந்திருக்கேன், இது கூடத் தெரியாமப் பாயசம் வைக்கிற மாதிரி வச்சிருக்கேன். சிரிப்பா வந்துச்சு. பார்வதிய வேணும்னாக் கூப்பிட்டுச் சொல்லலாம்னு நெனச்சேன். அப்பறம் அடுப்பப் புடிச்சுக்கிட்டு அழுதுட்டேன். ரொம்ப நேரம் இல்ல, சட்டி தீஞ்சிடும்.

வத்திருச்சு. அடுப்ப அணைச்சு, சேவல் படம் போட்ட கிண்ணத்துல வடிகட்டினா சரியா விளிம்பு வரைக்கும் வந்துச்சு. கருப்பு, மேல லேசா எண்ணெய் மினுமினுப்பு. மேசையில வச்சுட்டு எதிர்ல உக்காந்திருக்கேன். குடிச்சா என்ன ஆகும். ஒண்ணும் ஆகாமப் போகலாம். நாளைக்கு அணு ஏறியிருக்கலாம், கரண்டு வைக்கலாம், கிம் லான் சொன்னது நெசமாகலாம். இல்லைன்னா அந்தப் பேரு தெரியாத சாமான், நான் தலைய ஆட்டி வாங்கினது, உள்ள போயி ஊசி மருந்தோட மிச்சத்தோட சண்டை போட்டு ரத்தத்த இன்னும் இறக்கிடலாம். அப்பறம் எத்தனை வாரம் தள்ளுவாங்களோ. தள்ளற ஒவ்வொரு வாரமும் அதுக்குத்தான் லாபம், எனக்கில்ல. எனக்குச் சாக பயமா இருக்கு. இத யாருகிட்டயும் சொன்னதில்ல, வயசாச்சு, பாத்தாச்சு, போதும்னுதான் வெளிய சொல்வேன். போதல. கிண்ணத்த எடுத்து உதடு வரைக்கும் கொண்டு போனேன். ஆவி மூக்குல ஏறுது. யாராவது இந்நேரம் கதவத் தட்டினா கீழ வச்சுடுவேன்னு தோணுச்சு. யாரும் தட்டல. கீழ நான்தான் வச்சேன். பர்ஸுல ஒரு அட்டை இருக்கு, காய்ச்சல் வந்தா எந்த நேரமானாலும் கூப்பிடுங்கன்னு ஊசி போட்ட வார்டுல குடுத்தது. எனக்குக் காய்ச்சல் இல்ல. போனப் போட்டுட்டேன்.

மணி அடிச்சுக்கிட்டே இருக்கு. வைக்கலாம்னு பாத்தப்ப ஒரு நர்சுப் பொண்ணு எடுத்து மலாய்ல வார்டு பேரச் சொல்லுது. வெள்ளையம்மா சின்னக்கருப்பன்னு சொன்னேன். உடனே தமிழுக்கு மாறிட்டா. சொல்லுங்கம்மா, காய்ச்சலா? போன்ல முகம் தெரியாதே, அவளுக்கு நான் வெள்ளையம்மா, அவ்வளவுதான், திரும்பி வேற யாரையும் தேட வேணாம். காய்ச்சல் இல்ல மிஸ்ஸி, சீன மருந்து ஒண்ணு காய்ச்சினேன். என்ன மருந்து? தெரியாது மிஸ்ஸி, வேரு, செவப்புப் பழம், இன்னும் ஏதோ. குடிச்சிட்டிங்களா? ஒரு மடக்குன்னு சொல்லிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன், எனக்கே தெரியல, வாய் தானாச் சொல்லிருச்சு. அந்தப் பக்கம் ஏசப் பிடிச்சா பாருங்க. யாரைக் கேட்டும்மா குடிச்சிங்க? படிச்சுப் படிச்சுச் சொல்றோம், சுவத்துல எழுதி ஒட்டியிருக்கோம், உங்களுக்கெல்லாம் எத்தனை தடவ சொல்றது. என்ன உள்ள போச்சுன்னே தெரியாம நாளைக்கு உங்க ரத்தத்தப் பாத்து டாக்டரு என்னத்தக் கண்டுபிடிப்பாங்க? வெள்ளை அணு குறைஞ்சு கிடக்கற நேரத்துல செய்யற வேலையாம்மா இது? உங்க உடம்பு மேல உங்களுக்கு அக்கறை வேணாமா? நான் போனக் காதோட அழுத்திக்கிட்டேன். கண்ணு தானா மூடிக்கிச்சு. இன்னும் கொஞ்சம் ஏசட்டும்னு இருந்துச்சு. கூட யாரு இருக்கா, அவங்ககிட்ட போனக் குடுங்கன்னா. யாருமில்ல மிஸ்ஸி. பக்கத்துல? யாருமில்ல. எங்கயோ ஒரு மிஷின் கீ கீன்னு கத்துது, யாரோ அத நிறுத்தினாங்க. சரி, எவ்வளவு குடிச்சிங்கன்னு சரியாச் சொல்லுங்க, நான் டாக்டரக் கூப்பிட்டுச் சொல்லணும்னா, குரல்ல இப்ப பயம் இருந்துச்சு. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. குடிக்கல மிஸ்ஸின்னேன். இப்பத்தான குடிச்சேன்னிங்க? இல்ல, குடிக்கல, கிண்ணம் அப்படியே இருக்கு. அப்பறம் எதுக்கும்மா போன் பண்ணிங்க?

குடிக்காதேன்னு சொல்ல வீட்டுல ஆளில்ல மிஸ்ஸி, அதான்.

சொன்னதும் வெக்கமாப் போச்சு, வேலையில இருக்கற புள்ளைய ஏமாத்திட்டோமேன்னு. வச்சுடுவான்னு நெனச்சேன். குடிக்காதீங்கம்மான்னா. அதே கடுகடு குரல்தான், கொஞ்சம் மெதுவா. இப்பவே எந்திரிச்சுப் போயி ஊத்துங்க, சட்டியில இருக்கறதையும் கொட்டுங்க. நான் லைன்லதான் இருக்கேன், ஊத்திட்டு வந்து சொல்லுங்க. போன மேசையில மல்லாக்க வச்சுட்டு எந்திரிச்சேன். கிண்ணத்த சிங்குல கவுத்தேன், கருப்பா ஓடி அடங்குச்சு. சட்டியில கிடந்த சக்கையையும் உப்பின திராட்சையையும் பிளாஸ்டிக் பையில கொட்டி முடிஞ்சு வச்சேன். தண்ணியத் தொறந்து விட்டுக் கைய ரெண்டு தடவ கழுவினேன், மூணாவது தடவையும் கழுவினேன், அவசரப்படல. திரும்பி வந்து போனக் காதுல வச்சேன். மிஷின் சத்தம், யாரோ நடந்து போற சத்தம், அப்பறம் அவ மூச்சு. ஊத்திட்டேன்னு சொன்னேன். சரி, நாளைக்கு வந்ததும் என்னைய வந்து பாருங்கன்னா. சரின்னேன். அவ வைக்கல. நானும் வைக்கல.